அவர் விரல் எங்கே இருந்தது

முதலில் மணல்தான் கண்ணில் பட்டது. திங்கட்கிழமை துவைக்க எடுத்த அவருடைய பேன்ட்டின் கால் மடிப்பில் ஒரு சிட்டிகை மணல். வெள்ளை வெளேரென்று, சர்க்கரை மாதிரி. மட்டாஞ்சேரியில் அப்படி மணல் கிடையாது. எங்கள் தெரு மண் கறுப்பு, எப்போதும் ஈரம். உள்ளங்கையில் கொட்டி விரலால் தேய்த்துப் பார்த்தேன். சேறு ஒட்டவில்லை. உப்பின் பிசுபிசுப்பும் இல்லை. கடற்கரைக்குப் போய் வந்த மணலும் இல்லை இது.

இப்படித் தேய்த்துப் பார்ப்பது எனக்குத் தொழில். பஜார் ரோட்டில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனிக்கு வருகிற மிளகு, ஏலக்காய், சுக்கு எல்லாவற்றுக்கும் சாம்பிள் பார்க்கிறவள் நான். மிளகைத் தண்ணீரில் போட்டு, மிதக்கிற பப்பாளி விதையைப் பிடிப்பேன். ஏலக்காயை ஈரமான வெள்ளைத் துணியில் உருட்டி, பச்சைச் சாயம் இறங்குகிறதா என்று பார்ப்பேன். சாக்கின் வாயில் நல்ல சரக்கும் அடியில் மட்டமும் இருக்கும் என்பதால் குத்தூசியை அடிவரைக்கும் இறக்கித்தான் எடுப்பேன். கொண்டுவருகிறவர் எத்தனை வருஷம் தெரிந்தவரானாலும் அப்படித்தான். அதிகமாகச் சிரிக்கிறவர் என்றால் இரண்டு இடத்தில் குத்துவேன். போடியில் ஏலக்காய் வாசத்திலேயே வளர்ந்தவளுக்கு இந்த வேலை தானாக வந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிறகும் அது கையைவிட்டுப் போகாததுதான் கஷ்டம்.

என் கணவர் மட்டாஞ்சேரியிலேயே பிறந்தவர். தமிழ் பேசுவார். படிப்பதெல்லாம் மலையாளத்தில். மிக்ஸி, ஃபேன், தண்ணீர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற சின்னக் கடை வைத்திருக்கிறார். அந்த வருஷம் மகள் படிக்கக் கோயம்புத்தூருக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை வர ஆரம்பித்தது. விடியும்போதே கிளம்பிவிடுவார். "ஒரு ஹோட்டல்ல மோட்டார் சர்வீஸ். ஞாயிறு காலைலதான் நிறுத்தித் தருவாங்க" என்றார். நானும் சரி என்று இருந்தேன்.

மணலுக்குப் பிறகு மற்றதெல்லாம் தானாகக் கண்ணில் பட்டது. சட்டையில் கிரீஸ் வாடை இல்லை, ஏதோ பசை வாடை இருந்தது. முகமும் கழுத்தின் முன்பக்கமும் கறுத்திருந்தன. வெயிலில் குனிந்து வேலை செய்கிறவனுக்குப் பிடரி கறுக்கும். தொண்டை எப்படிக் கறுக்கும்? ஹோட்டலின் பின்கட்டில் மோட்டார் பார்க்கிறவர் எதற்காக வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்?

அடுத்த ஞாயிறு அவர் போன பிறகு கடைப் பக்கம் போனேன். ஷட்டர் பூட்டியிருந்தது. பக்கத்துச் சாயாக்கடை சேட்டன் என்னைப் பார்த்ததும் டம்ளரைக் கழுவிக்கொண்டே, "போயல்லோ. அந்த நீளப் பெட்டியும் வண்டில கெட்டிவெச்சு வெளுப்பினே, விடியறதுக்கு முன்னயே போயி. எல்லா ஞாயிறும் போகுமே, சேச்சிக்கு அறியில்லே?" என்றார். எனக்குத் தெரியுமே என்பதுபோலத் தலையாட்டிவிட்டு ஒரு சாயா வாங்கிக் குடித்தேன். எந்தப் பெட்டி, எவ்வளவு நீளம் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. கட்டின புருஷனைப் பற்றிச் சாயாக்கடையில் விசாரிக்கிற நிலைமைக்கு வந்துவிட்டேனா என்று தோன்றியது.

மறு ஞாயிறு அவர் எழுந்து பல் தேய்த்துவிட்டு வந்தபோது நான் புடவை மாற்றிச் செருப்புப் போட்டுக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தேன்.

"நானும் வரேன்."

"எங்க?"

"நீங்க போற எடத்துக்கு."

ஒரு சொம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்தார். அவ்வளவு தாகம் யாருக்கும் காலையில் வராது. "வண்டில எடம் இருக்காதே. பெட்டி இருக்கு" என்றார். அந்த வார்த்தையைத் தானே சொல்லிவிட்டது சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"பெட்டியை நான் மடில வெச்சுக்கறேன்" என்றேன்.

போகிற வழியில் கடையைத் திறந்து பெட்டியை எடுத்துவந்து கொடுத்தார். கிட்டத்தட்ட என் உயரத்துக்கு இருந்தது. ஆனால் கனமே இல்லை. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. பார்க்கப் பெரிசாக இருந்து தூக்க லேசாக இருக்கிற சரக்கில் ஏதோ வில்லங்கம் இருக்கும். குறுக்கே பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். தோப்பும்படி தாண்டி, அரூர் பாலம் தாண்டி, மேம்பால வேலை நடக்கிற நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே போய்க்கொண்டே இருந்தோம். சேர்த்தலைக்கும் தெற்கே ஒரு இடத்தில் உள்ரோட்டில் திரும்பினார். மூடிப்போன கயிறு ஃபேக்டரி ஒன்றின் பின்னால் பெரிய வெளி. சுற்றிலும் தென்னை. தரை முழுக்க வெள்ளை மணல். குனிந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்தேன். அதேதான்.

பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு விமானம் இருந்தது. தெர்மோகோல் மாதிரி ஒரு வெள்ளைப் பொருளில் செய்த உடம்பு, மேலே வைத்துப் பூட்டுகிற சிவப்பு இறக்கை, மூக்கில் ஒரு விசிறி. அங்கங்கே டேப் ஒட்டியிருந்தது.

"இதுவா?" என்றேன்.

"இதுதான்."

நான் நம்பவில்லை. சுற்றிப் பார்த்தேன். தூரத்தில் இரண்டு ஆண்கள், எங்களைவிட வயது குறைந்தவர்கள், ஆளுக்கொரு விமானத்தோடு. பெண்கள் யாரும் இல்லை. ஃபேக்டரிச் சுவருக்குப் பின்னால் போய்ப் பார்க்கலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் அவர் பாட்டரியைச் செருகி, கழுத்தில் ரிமோட்டை மாட்டிக்கொண்டு, விமானத்தை மணலில் ஓடவிட்டார். வெட்டித் தட்டி வைத்திருந்த ஒரு பாதையில் அது கொஞ்சம் குலுங்கி ஓடி, சட்டென்று தரையை விட்டது. இத்தனை வருஷமாகத் தெரிந்த ஆள் திடீரென்று வேறு பாஷையில் பேசுவது மாதிரி இருந்தது.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

வானத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, "சொன்னா நீ சிரிப்பே" என்றார். விமானத்தை ஒரு சுற்றுத் திருப்பிக் கொண்டுவந்த பிறகு, "சிரிக்கமாட்டே. எதுக்கு இதுன்னு கேப்பே. எனக்கு பதில் தெரியாது" என்றார்.

"இதுக்கு ஏன் இவ்வளவு தூரம் வரணும்? நம்ம மொட்டைமாடிலயே விடலாமே."

"நேவி பேஸ் அங்க பக்கத்துல. மாடிலேர்ந்து விட்டா போலீஸ்தான் வரும்."

சொன்னதெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒன்றிலும் சாயம் இறங்கவில்லை. ஆனாலும் மூன்று ஞாயிறு தொடர்ந்து கூடவே போனேன். மூன்றாவது ஞாயிறு அவர் ரிமோட்டை என் பக்கம் நீட்டி, "நீயும் பழகேன்" என்றார். என் வாயை அடைக்கத்தான் கேட்கிறார் என்று தோன்றியது. நானும் விளையாட ஆரம்பித்துவிட்டால் அவரை ஒன்றும் கேட்க முடியாதல்லவா? அது தெரிந்தே வாங்கிக்கொண்டேன்.

பழக்குவதற்கு இரண்டு ரிமோட் வேண்டும். ஒன்று என் கையில், ஒன்று அவர் கையில். அவருடையதில் மேலே ஒரு ஸ்விட்ச் இருக்கும். அதை அவர் விரல் அழுத்திக்கொண்டிருக்கும் வரை விமானம் என் சொல் கேட்கும். விரலை எடுத்தால் அந்த நொடியே அவர் கைக்குப் போய்விடும். நான் ஏதாவது ஏடாகூடமாகச் செய்தால் அவர் விரலை எடுத்துக் காப்பாற்றிவிடுவார். நல்ல ஏற்பாடுதான். ஒன்று மட்டும் உறுத்தியது. விமானம் மேலே இருக்கும்போது அதிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. ஒரு கணம் திரும்பினால் அது எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்றே தெரியாமல் போய்விடும். அவரோ என் தோளுக்குச் சற்றுப் பின்னால் நிற்பார். அதாவது, விமானத்தை யார் ஓட்டுகிறார்கள் என்பதை அதை ஓட்டுகிறவளால் பார்க்கவே முடியாது.

முதல் மாதம் அந்தச் சந்தேகத்துக்கு வேலை இல்லை. எல்லாம் அவர்தான். நான் தொட்டால் அது குடித்தவன் மாதிரி தள்ளாடும். எங்களைவிட்டுப் போகும்போது சரியாக இருக்கும். எங்களை நோக்கித் திரும்பி வரும்போது இடமும் வலமும் மாறிவிடும். ரிமோட்டில் உள்ள குச்சியை இடது பக்கம் தள்ளினால் என் வலது பக்கம் போகும். பயந்துபோய் இன்னும் தள்ளுவேன்.

"எந்த இறக்கை தாழ்ந்திருக்கோ அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளு. வேற எதுவும் யோசிக்காதே" என்றார்.

"தாழ்ந்த பக்கமே தள்ளினா இன்னும் தாழாதா?"

"உன்னைப் பாத்து வரும்போது தாழாது. நம்பு."

நம்பு என்று சொல்லித்தான் எங்கள் குடோனில் எல்லாச் சரக்கும் வருகிறது. வீட்டில் ஒரு சப்பாத்திக் கட்டையின் குறுக்கே அட்டையை ஒட்டி விமானமாக வைத்துக்கொண்டு, எதிரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. அதற்குப் பிறகுதான் அந்தப் பேச்சைக் கேட்டேன்.

பழகுகிற நாட்களில் ஒரு நாள், வெளியை ஒட்டியிருந்த வீட்டிலிருந்து ஒரு அம்மா நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு வேகமாக வந்தார். "இதுல கேமரா உண்டோ?" என்று கேட்டார். தன் வீட்டுக் கொல்லையில் குளிக்கிற மறைப்புக்குக் கூரை கிடையாதாம். என் கணவர் இல்லை என்று சொல்லிப் பார்த்தார். அந்த அம்மா கேட்பதாக இல்லை. விமானத்தைப் புரட்டிப் பார்த்தார், வயிற்று மூடியைத் திறக்கச் சொன்னார், பாட்டரியை வெளியே எடுக்கச் சொன்னார், உள்ளே விரலைவிட்டுத் தடவினார். எனக்கு அந்த அம்மாவை ரொம்பப் பிடித்துவிட்டது. "இறக்கையையும் கழட்டிக் காமிங்க" என்றேன். கழற்றிக் காட்டினோம். ஒன்றுமில்லை என்று கண்ட பிறகும், "ஞான் நோக்கிக்கொண்டிருக்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். போகும்போது நான்கு மாங்காய் கொடுத்தார்.

மழைக்காலம் முடிந்து வெயில் வந்தபோது எனக்கு ஓரளவு கை வந்திருந்தது. கிளப்புவது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை, வேகம் கொடுத்தால் அதுவே எழும்பிவிடும். சதுரமாகச் சுற்றி வருவேன். பருந்து பக்கத்தில் வந்தால் உயரத்தைக் குறைத்து ஒதுங்கிவிடுவேன். இறக்குவதுதான் எல்லாருக்கும் கஷ்டம். எனக்கோ அதுதான் அழகாக வந்தது. கடைசித் திருப்பத்தைத் திரும்பி, வேகத்தைக் குறைத்து, தென்னைகளுக்கு நடுவே நேராக வந்து, மணலில் பூப்போல உட்காரும். ஒரு துள்ளல்கூட இருக்காது. தூரத்தில் இருந்த அந்த இரண்டு பேரும் கைதட்டுவார்கள். அவர்களுக்கு என்னைவிட அனுபவம் அதிகம். அவர்களுடைய விமானமோ மூன்று முறை துள்ளித்தான் உட்காரும்.

"சூப்பர்" என்பார் என் கணவர், பின்னாலிருந்து.

அந்தச் சூப்பர்தான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

அவரைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சில வருஷங்களுக்கு முன்னால், போடியில் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று போன் வந்தது. இருவரும் மூணார் வழியாகப் பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் அவர் போனில் பேசிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு தடவையும் நான் கேட்பேன். "ஐசியூல இருக்காங்க. கண்ணு முழிச்சுப் பேசினாங்களாம். உன்னைத்தான் கேட்டாங்களாம்" என்பார். தேயிலைத் தோட்டங்களைக் காட்டிப் பேச்சை மாற்றினார். போடிமெட்டில் இறங்கி எனக்கு வாழைப்பழம் வாங்கிக்கொடுத்தார். நான் அதைச் சாப்பிட்டேன். எங்கள் தெருமுனையில் திரும்பியபோது பந்தலும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் போட்டிருந்தன. நாங்கள் பஸ் ஏறுவதற்கு முன்பே அம்மா போய்விட்டிருந்தார். என் கணவருக்கு அது தெரியும். வழி முழுக்கத் தெரிந்துகொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறார்.

கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அதனால்தான் எனக்குப் பயம். பணத்துக்காகப் பொய் சொல்கிறவனைக் குத்தூசியால் பிடித்துவிடலாம். பாசத்தில் பொய் சொல்கிறவரை எதை வைத்துப் பிடிப்பது? என் மனசு நோகக் கூடாது என்று இந்த மனுஷர் எதையும் சொல்லுவார், எதையும் செய்வார். தரைக்குப் பக்கத்தில் வரும்போது சத்தமில்லாமல் விரலை எடுத்துவிட்டுத் தானே இறக்கிவிட்டு, "சூப்பர்" என்று சொல்லவும் சொல்லுவார்.

நேராகக் கேட்டேன். "இறக்கறது நீங்கதானே?"

"இல்லை. நீதான்."

"சத்தியமா?"

"சத்தியமா நீதான்."

பஸ்ஸிலும் சத்தியம் செய்திருந்தார்.

சோதிக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். எப்படி என்று பல நாள் யோசித்தேன். நேராகப் போய்க்கொண்டிருக்கும்போது கையை எடுத்தால் பலன் இல்லை. பழகுகிறவர்களுக்கென்றே செய்த விமானம் அது. விட்டால் தானாகவே மிதந்து போய் இறங்கினாலும் இறங்கிவிடும். கடைசித் திருப்பத்தில் சாய்ந்திருக்கும்போது விட வேண்டும். அவர் ஓட்டிக்கொண்டிருந்தால் அது ஒழுங்காகத் திரும்பி நேராகிவிடும். நான்தான் ஓட்டுகிறேன் என்றால் சாய்ந்தது சாய்ந்தபடியே இருக்கும். அப்போது அவர் விரலை எடுத்துக் காப்பாற்றிக்கொள்வார். இரண்டில் எதுவானாலும் விமானத்துக்கு ஒன்றும் ஆகாது. அப்படித்தான் கணக்குப் போட்டிருந்தேன்.

அன்று அந்த இரண்டு பேரும் சீக்கிரம் போய்விட்டார்கள். கடல் காற்று எழும்பத் தொடங்கியிருந்தது. கடைசிச் சுற்று. தென்னை உயரத்துக்குக் கொண்டுவந்து இடது பக்கம் திருப்பினேன். சிவப்பு இறக்கை வெயிலில் சாய்ந்து மின்னியது. இரண்டு கட்டைவிரலையும் குச்சியிலிருந்து எடுத்துவிட்டேன்.

விமானம் நேராகவில்லை. சாய்ந்தபடியே மூக்கைத் தாழ்த்தியது. இப்போது எடுப்பார், இப்போது எடுப்பார் என்று நான் காத்திருந்தேன். பின்னாலிருந்து "ஏய்" என்ற சத்தம் மட்டும் வந்தது. இறக்கையின் நுனி முதலில் மணலைத் தொட்டது. அப்புறம் முழுவதும் ஒரு தடவை சுழன்று, மூக்கு தனியாகவும் உடம்பு தனியாகவும் போய் விழுந்தன. சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. அப்பளம் உடைகிற மாதிரி இருந்தது.

நாங்கள் இருவரும் நகரவில்லை.

"கையை ஏன் விட்டே?" என்றார்.

"நீங்க ஏன் பிடிக்கல?"

"நீ நல்லாத்தானே எறக்கிட்டிருந்தே. நான் எதுக்குப் பிடிக்கணும்?"

"அப்ப இத்தனை நாளும்?"

"இத்தனை நாளும் நீதான். எத்தனை தடவை சொன்னேன்?"

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "நீங்க சொன்னா நம்பணுமா? பஸ்ல எங்கம்மா கண்ணு முழிச்சுப் பேசினாங்கன்னு சொன்னீங்களே, அதை நம்பினேன். வாழைப்பழம் தின்னேன்" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி நான் ஒரு தடவைகூடப் பேசியதில்லை.

ரிமோட்டைக் கழுத்திலிருந்து கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "அன்னைக்குச் சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே? அவ்வளவு தூரம் பஸ்ல..."

"அழுதிருப்பேன்."

"பஸ்லயா?"

"பஸ்லதான். அங்கதான் அழுதிருக்கணும்."

அவர் மணலில் நடந்துபோய் உடைந்த துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார். நானும் போனேன். சின்னச் சின்ன வெள்ளைப் பொடியைக்கூட விடாமல் பொறுக்கினோம். வீட்டுக்கு வரும்போது பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தேன். நான்தான் இறக்கினேன் என்றால் சந்தோஷமாக இருக்க வேண்டும். கொஞ்சம் இருந்தது. ஆனால் அரூர் பாலத்தில் வரும்போதே இன்னொரு சந்தேகம் முளைத்துவிட்டது. "ஏய்" என்று சொல்ல நேரம் இருந்த மனுஷருக்கு ஒரு விரலை எடுக்க நேரம் இல்லையா? முதல் மாதத்தில் என்னிடமிருந்து அந்த விமானத்தை எத்தனை தடவை கண் இமைப்பதற்குள் வாங்கியிருக்கிறார்! அவர் பார்வை எனக்குத் தெரியும். காயிலில் ஒரு சுற்று தப்பினாலும் கண்டுபிடித்துவிடுகிற கண். என் கட்டைவிரல் இரண்டும் மேலே எழும்பியதை அவர் பார்க்காமல் இருந்திருப்பாரா? பார்த்தார் என்றால், நான் எதற்கு விட்டேன் என்பதும் அவருக்குப் புரிந்திருக்கும். புரிந்துகொண்டு, வேண்டுமென்றேதான் விரலை எடுக்கவில்லையா? விமானம் போனாலும் போகட்டும், இவள் ஒரு தடவையாவது நம்பட்டும் என்று விட்டுவிட்டாரா?

அந்த வாரம் தினமும் சாயங்காலம் வேலை விட்டதும் அவர் கடைக்குப் போனேன். மூக்கை ஒட்டினோம். உடைந்த இறக்கைக்குள் மூங்கில் குச்சி செருகி, மேலே டேப் சுற்றினோம். பசை காய்கிறவரைக்கும் அவர் ஒரு ஃபேன் மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்று எண்ணிக்கொண்டிருக்கும்போது அவர் பேசமாட்டார். அது தெரிந்தும் கேட்டேன்.

"நான் விரலைத் தூக்கினதை நீங்க பாத்தீங்களா?"

உதடு மட்டும் எண்ணிக்கொண்டே இருந்தது. காயிலை முடித்து, நூலால் கட்டி, நுனியை வெட்டிவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"நான் பிளேனைத்தான் பாத்துட்டிருந்தேன்."

"பின்னால நிக்கறவர் என் கையைப் பாக்கமாட்டாரா?"

"பிளேன் மேல இருக்கும்போது வேற எங்கயும் பாக்கக்கூடாது. உனக்கு நான்தானே சொல்லித் தந்தேன்."

சொல்லிவிட்டு அடுத்த காயிலுக்குக் கம்பியை எடுத்துக்கொண்டார். அவர் முகத்தை நன்றாகப் பார்த்தேன். என் வேலையில் நான் கெட்டிக்காரி என்று பஜாரில் பேர். ஆனால் அந்த முகத்தில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இன்றுவரைக்கும் பிடிபடவில்லை. சில நாள் அவர் சொன்னதை அப்படியே நம்புகிறேன். சில நாள் நம்பாமல் இருப்பதுதான் எனக்கு இனிமையாக இருக்கிறது.

அடுத்த ஞாயிறு ஒரே ரிமோட்டோடு வந்திருப்பதாகச் சொன்னார். அவருடைய பையை வாங்கி நானே பிரித்துப் பார்த்தேன். பேன்ட் பாக்கெட்டையும் திருப்பிக் காட்டச் சொன்னேன். சாவி, கைக்குட்டை, ஒரு ஸ்க்ரூ டிரைவர். வண்டி சீட்டுக்கு அடியிலும் பார்த்தேன். "இன்னும் எங்கயாவது பாக்கணுமா?" என்றார்.

"அந்தத் தென்னைக்குக் கீழ போய் நில்லுங்க. இங்க வரக்கூடாது. ரெண்டு கையும் எனக்குத் தெரியற மாதிரி இருக்கணும்."

போய் நின்றார். கைகளைத் தலைமேல் கோத்துக்கொண்டார்.

காற்றைப் பார்த்து விமானத்தை வைத்தேன். ஒட்டுப்போட்ட இறக்கை ஒரு பக்கம் கொஞ்சம் கனம். அது எனக்கு முன்பே தெரியும் என்றாலும் மேலே போனதும் அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போனது. எதிர்ப்பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். முதல் சுற்றில் தோளுக்குப் பின்னால் யாரும் இல்லை என்பது முதுகில் குளிர்ந்தது. என்ன செய்தாலும் அது நான் செய்ததுதான், வேறு யாரையும் சந்தேகப்பட முடியாது. இரண்டாவது சுற்றில் தென்னைப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும்போல இருந்தது. பார்க்கவில்லை. மூன்றாவதில் என் மூச்சு ஒழுங்காயிற்று. காற்று விமானத்தைத் தள்ளுவதும் நான் திருத்துவதும் ஒரு மாதிரி பழகிப்போயிற்று. இன்னும் கொஞ்ச நேரம் மேலேயே வைத்திருக்கலாம் என்று ஆசையாக இருந்தது. பாட்டரி தீர்ந்துவிடுமோ என்று பயமும் இருந்தது.

கடைசித் திருப்பம். தாழ்ந்த இறக்கையின் பக்கம் குச்சி. வேகத்தைக் குறைத்தேன், போதவில்லை. பாதையின் பாதிக்கு மேல் வந்துவிட்டது. தரையில் அடித்து ஒரு துள்ளு துள்ளியது. இன்னொரு துள்ளு. பிறகு மூக்கால் மணலை உழுதுகொண்டு போய், வாலைத் தூக்கியபடி நின்றது.

"வரலாமா?" என்று மரத்தடியிலிருந்து கத்தினார்.

"வராதீங்க!"

நான் மட்டும் நடந்து போனேன். விசிறி ஒரு பக்கம் நறுங்கியிருந்தது. முன்சக்கரத்தின் கம்பி வளைந்திருந்தது. ஒட்டிய இடம் எதுவும் விடவில்லை. பாட்டரியைக் கழற்றினேன். கையில் சூடாக இருந்தது. விமானத்தைத் தூக்கி மணலைத் தட்டிவிட்டேன். அதற்குப் பிறகுதான் அவரைப் பார்த்துக் கையசைத்தேன்.

வந்தார். விமானத்தை வாங்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவர் வாயிலிருந்து அந்தச் "சூப்பர்" வருமோ என்று நான் காத்திருந்தேன்.

"எறக்கினது சரியில்ல" என்றார். "வேகம் ஜாஸ்தி. திரும்பறதுக்கு முன்னாலயே கொறைச்சிருக்கணும்."

"ஆமா" என்றேன். "காத்தும் ஒரு பக்கமா அடிச்சுது."

"காத்து காரணம் இல்ல. வேகந்தான்."

கம்பியை நிமிர்த்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். நான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டேன். வெயில் ஏறுவதற்குள் இன்னொரு தடவை விடலாமா என்று கேட்டேன். பையில் வேறு விசிறி இருக்கிறது, விடலாம் என்றார்.